தோட்டப் பாடசாலையும் பல்கலைக்கழக வாயிலும்

பதுளை நகரிலிருந்து பசறைக்குச் செல்லும் பாதையில் 2005ஆம் ஆண்டு ஒரு பல்கலைக்கழகம் நிறுவப்பெற்றது. ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் என்பது அதன் பெயர். நாட்டின் விளைபொருள்களுக்குப் பெறுமதி சேர்க்கும் கல்வியே அதன் நோக்கமென வகுக்கப்பட்டமையால், அங்கு தொடங்கப்பட்ட பட்டப்படிப்புகளுள் தேயிலைத் தொழில்நுட்பமும் ஒன்றாக அமைந்தது. இது பொருத்தமே. அப்பாதை வழியே மேலும் சென்றால் பசறை, லுணுகலை, மடுல்சீமை என ஊர்தோறும் தேயிலை மலைகளே கண்ணுக்குத் தெரியும். ஊவாத் தேயிலையின் மணத்துக்கு உலகச் சந்தையிலே தனிமதிப்பு உண்டு என்பதும் யாவரும் அறிந்ததே.

ஆயினும் அப்படிப்பிற் சேர விரும்பும் மாணவன் தேயிலையை அறிந்திருத்தல் மட்டும் போதாது. கல்விப் பொதுத் தராதரப் பத்திர உயர்தரப் பரீட்சையில் விஞ்ஞானப் பாடங்களிற் சித்தியெய்தியிருத்தலும் வேண்டும். கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மடியில் வளர்ந்து, தேயிலைச் செடிகளின் நடுவே நடைபழகிய பிள்ளை, தன் பாடசாலையில் இரசாயனவியல் கற்பிக்கப்படாத ஒரே காரணத்தால், தேயிலையைப் பற்றியே பட்டம் பெற இயலாது போகின்றது. இந்நிலை ஒருநாளில் விளைந்ததன்று. இதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

அவ்வரலாற்றுக்குச் செல்லுமுன், பல்கலைக்கழக வாயில் எவ்வாறு அமைந்துள்ளது என்பதைச் சிறிது நோக்குதல் நன்று. இலங்கையிலே ஒரு மாணவன் எத்தனை புள்ளி பெற்றான் என்ற கேள்விக்கு முன்னால், எந்தப் பாடங்களிற் பெற்றான் என்ற கேள்வி நிற்கின்றது. மருத்துவபீடம் புக விரும்புவோர் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல் ஆகிய மூன்றையும் பயின்றிருத்தல் வேண்டும். பொறியியல் பயில விரும்புவோர்க்கு உயிரியலின் இடத்தில் இணைந்த கணிதம் வேண்டும். சாதாரணதரப் பரீட்சை முடிந்ததும், பதினாறு பதினேழு வயதிலே, விஞ்ஞானமா, வர்த்தகமா, கலையா என்று பிள்ளை முடிவு செய்தல் வேண்டும். இதனைப் பாடத்தெரிவு என்பர். சில பிள்ளைகளைப் பொறுத்தவரை தெரிவு என்னும் சொல் சற்று மிகையானதே.

ஏனெனில் நாட்டின் பாடசாலைகள் யாவும் ஒரு தரத்தன அல்ல. 1 ஏ.பி. என வகைப்படுத்தப்பட்ட பாடசாலைகளிலேயே உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் உண்டு. 1 சி வகையினவற்றில் உயர்தரம் உண்டு, விஞ்ஞானம் இல்லை. இரண்டாம் வகையின பதினோராம் தரத்தோடு நின்றுவிடும். மூன்றாம் வகையின ஆரம்ப வகுப்புகளோடு, அல்லது அதற்குச் சற்று மேலோடு முடிந்துவிடும். தோட்டப் பாடசாலைகளுட் பெரும்பாலானவை இக்கடைசி வகைகளுக்குள் அடங்கும். பாடசாலைக்கு இடப்பட்ட இந்த எழுத்தும் எண்ணும், அதன் வாயிலுக்குள் நுழையும் ஆறு வயதுப் பிள்ளை எவ்வளவு தூரம் போகலாம் என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே கூறிவிடுகின்றன.

இனி வரலாற்றைப் பார்ப்போம். கோப்பிப் பயிர் நோயால் அழிந்து, 1880களில் தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். ஆகவே தென்னிந்தியாவிலிருந்து வந்தோர் குடும்பத்தோடு மலையிலே தங்கினர். பிள்ளைகளும் லயங்களிற் பிறந்து வளர்ந்தனர். ஊவா ஒரு தனி மாகாணமாக 1886இல் வகுக்கப்பட்டது. புகையிரதப் பாதை 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் வந்து சேர்ந்தது. தேயிலைப் பெட்டி கொழும்புக்குச் செல்லும் வழி இவ்வாறு செம்மையாயிற்று. பிள்ளை பாடசாலைக்குச் செல்லும் வழி அவ்வளவு விரைவில் அமையவில்லை.

1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துப் பிள்ளைகளைப் பற்றி முதன்முறையாகச் சட்டத்தின் மொழியிற் பேசியது. தோட்டத்திலுள்ள தொழிலாளரின் பிள்ளைகளுள் ஆறு வயது முதல் பத்து வயது வரையானோர்க்குத் தாய்மொழிக் கல்வி அளித்தல் தோட்டத்துரையின் கடமை என்றும், அதற்கென ஓர் அறையை ஒதுக்கிச் செவ்வையாகப் பேணுதல் வேண்டுமென்றும் அது விதித்தது. இதனைச் சிறிய செயலென்று தள்ளிவிடல் ஆகாது. எழுத்தறியாப் பெற்றோரின் பிள்ளைகள் தமிழ் எழுத்தை அறிந்தது இவ்வறைகளிலேதான். எனினும் அச்சட்டம் இட்ட எல்லை கவனிக்கத்தக்கது. பத்து வயதோடு கல்வி முடிந்துவிடும். அதன்மேல் கற்பதற்கு எங்கே செல்வது என்ற வினாவே அங்கு எழவில்லை. பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளையின் இடம் கொழுந்து மலையே என்று சட்டத்தை வகுத்தோரும் தோட்டத்தை நடத்தியோரும் ஒருபோலக் கருதினர்.

ஒரே அறை, அதில் ஐந்து வகுப்பு, பெரும்பாலும் ஒரே ஆசிரியர். விடியுமுன்னே பெற்றோர் பிரட்டுக் களத்துக்குச் சென்றுவிட, மூத்த பிள்ளை இளைய பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு பாடசாலைக்கு வரும், அல்லது வாராது. ஆசிரியர் பாடம் சொல்லிக்கொடுப்பதோடு, ஊருக்குக் கடிதம் எழுதித் தருவார். வந்த கடிதத்தைப் படித்தும் காட்டுவார். அரிச்சுவடியும் வாய்பாடும் சிறிது வாசிப்பும் முடிந்தால் பாடத்திட்டம் முடிந்தது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் இவ்வேற்பாட்டை இறுக்கமாக்கியதேயன்றி, அதன் கூரையை உயர்த்தவில்லை.

இக்காலத்திலே இதே தீவின் வடபகுதியில் நிலைமை வேறாயிருந்தது. வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமார் 1823ஆம் ஆண்டிலேயே உயர்கல்விக் கழகமொன்றை நிறுவிக் கணிதமும் வானியலும் கற்பித்தனர். அந்நூற்றாண்டின் நடுவிலே மானிப்பாயில் மருத்துவர் கிறீன் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழ்மொழியிலேயே போதித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் வெளிக்கொணர்ந்தார். ஆகவே தமிழிலே விஞ்ஞானம் கற்பித்தல் அரிதென்பதோ, தமிழ்ப் பிள்ளைக்கு அது எட்டாதென்பதோ காரணமாக இருந்திருக்க முடியாது. மானிப்பாயிலும் மடுல்சீமையிலும் பிள்ளைகள் பேசியது ஒரே தமிழ்தான். ஓரிடத்திலே பாடசாலை மேல்நோக்கி வளர விடப்பட்டது. மற்றோரிடத்திலே அது தோட்டக் கணக்கில் ஒரு செலவாக எழுதப்பட்டது. செலவைக் குறைப்பதே கணக்கு எழுதுவோரின் இயல்பு.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றிற்று. மறு ஆண்டு, கன்னங்கரா அவர்களின் தலைமையில் அமைந்த விசேட குழு தன் அறிக்கையை வெளியிட்டது. 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் முதலாம் திகதி தொடக்கம் பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. கிராமத்து ஏழைப் பிள்ளை ஐந்தாம் வகுப்பில் புலமைப்பரிசிற் பரீட்சை எழுதி, மத்திய பாடசாலைக்குச் சென்று, அங்கிருந்து பல்கலைக்கழகம் ஏறும் படி அமைக்கப்பட்டது. 1950ஆம் ஆண்டளவில் இத்தகைய மத்திய பாடசாலைகள் 54 இருந்தன. சிங்களக் கிராமங்களிலிருந்து அறிஞரும் மருத்துவரும் பொறியியலாளரும் தோன்றியது இப்படியின் வழியேதான். உலகில் அக்காலத்திற் பல நாடுகள் எண்ணிப்பாராத ஏற்பாடு இது.

தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் இப்படி எட்டவில்லை. இலவசக் கல்வி அரசினதும் அரசு உதவி பெற்ற நிறுவனங்களினதும் பாடசாலைகளில் வேரூன்றியது. தோட்டப் பாடசாலையோ துரையின் பொறுப்பிலேயே நின்றது. 1947ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் தோட்டங்களில் அரசாங்கப் பாடசாலைகள் அமைவதற்கு வழிவகுத்தது. ஆயின் செயலுக்கு வந்தவை சிலவே. இதற்கொரு காரணத்தை அடுத்த இரண்டு ஆண்டுகளிற் காணலாம். 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியக் காங்கிரசைச் சார்ந்த எழுவர் பாராளுமன்றம் புகுந்தனர். பதுளைத் தொகுதியிலிருந்து சென்ற எஸ். எம். சுப்பையா அவர்களுள் ஒருவர். 1948இன் பிரசாவுரிமைச் சட்டமும், 1949இன் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத்து மக்களின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. வாக்கில்லாதார் பாடசாலை கேட்டால் யார் செவிசாய்ப்பர்? அடுத்த தேர்தலிலே பதுளைத் தோட்ட மக்களின் குரலாக அவைக்குச் செல்வதற்கு எவரும் இல்லை. மலையகத்தின் கல்விப் பின்னடைவைப் பேசுவோர் சிலவேளை இவ்வாண்டுகளை மறந்து, பெற்றோரின் அக்கறையின்மையைக் குறைகூறுவதுண்டு. அது நியாயமன்று.

இவ்விருளிலும் சில பிள்ளைகள் மேலே வந்தனர். பெரிய கங்காணிமாரின் பிள்ளைகளும், நகரத்துக் கடைக்காரரின் பிள்ளைகளும், தோட்டத்து உத்தியோகத்தரின் பிள்ளைகளும் பதுளைக்கும் பண்டாரவளைக்கும் சென்று கற்றனர். காலப்போக்கிலே பதுளைச் சரஸ்வதி வித்தியாலயம், பண்டாரவளைத் தமிழ் மத்திய கல்லூரி, பசறைத் தமிழ் மகா வித்தியாலயம் போன்றவை ஊவாத் தமிழ்ப் பிள்ளைகளின் உயர்கல்விக்கு நிலைக்களன்களாயின. ஊவாவிலிருந்து பல்கலைக்கழகம் சென்ற தமிழ் மாணவரின் கதை பெரிதும் இத்தகைய சில பாடசாலைகளின் கதையே. நகரத்திலே உறவினர் வீடு உள்ளவன் படித்தான். இல்லாதவன் ஐந்தாம் வகுப்போடு நின்றான்.

1960, 61ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் விடப்பட்டன. 1964இல் சிறீமா–சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேர் இந்தியா செல்வதென்றும், 3,00,000 பேர் இங்கு பிரசையாவதென்றும் வகுத்தபின், போகும் குடும்பமா இருக்கும் குடும்பமா என்றறியாது பிள்ளைகளின் கல்வி ஊசலாடிற்று. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. இடையில் 1974ஐ ஒட்டிய பஞ்சம் லயங்களை வாட்டியது. 1977 முதலேதான் தோட்டப் பாடசாலைகள் தொகுதி தொகுதியாக அரசின் பொறுப்புக்கு வந்தன. 1907க்கும் 1977க்கும் இடையே எழுபது ஆண்டுகள். அக்காலத்திலே இரண்டு தலைமுறைகள் பத்து வயதோடு கூடை தூக்கிவிட்டன.

இவ்வெழுபது ஆண்டு முடியுந் தறுவாயிலேதான் பல்கலைக்கழக வாயிலில் பெரும் பூசல் எழுந்தது. 1971இல் தமிழ்மொழி மூலம் பரீட்சை எழுதியோர் சிங்களமொழி மூலம் எழுதியோரைவிட உயர்ந்த புள்ளி பெற்றாலன்றி மருத்துவமும் பொறியியலும் பயில இயலாதவாறு வெட்டுப்புள்ளிகள் அமைக்கப்பட்டன. இரண்டு ஆண்டுகளின்பின் தரப்படுத்தல் முறையாகப் புகுத்தப்பட்டது. 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாணத்து இளைஞரின் உள்ளத்தில் இவை உண்டாக்கிய புண் நாட்டின் அரசியலையே மாற்றிவிட்டது. அக்கதை பலராலும் எழுதப்பட்டுள்ளது. அதே ஆண்டுகளில் ஊவாத் தோட்டங்களில் என்ன நிகழ்ந்தது என்பதே அதிகம் எழுதப்படாதது. அங்கு பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. இரசாயனவியல் படித்த பிள்ளை இருந்தாலன்றோ வெட்டுப்புள்ளி அப்பிள்ளையை வெட்டும்!

மாவட்ட ஒதுக்கீட்டை ஆழ்ந்து நோக்கினால் இன்னுமொன்று புலப்படும். 1978ஆம் ஆண்டை அடுத்து, இடங்களில் 30 வீதம் நாடளாவிய திறமைக்கும், 55 வீதம் மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், 15 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று வகுக்கப்பட்டது. இவ்வீதங்கள் பின்னர் மாறி, 40, 55, 5 என நிலைபெற்றன. பதுளை பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலிலும் இடம்பெற்றது. பதுளையிலிருந்து மருத்துவம் பயிலச் செல்வோர்க்கான வெட்டுப்புள்ளி, கொழும்பு மாவட்டத்துக்கானதைவிடப் பொதுவாகக் குறைவாகவே இருந்து வந்துள்ளது. ஏழை மாவட்டத்துக்குச் சலுகை என்னும் அளவில் இது நல்லதே.

ஆனால் அந்தச் சனத்தொகை யாருடையது? மாவட்டத்துக்கு எத்தனை இடம் என்று கணக்கிடும்போது, பதுளை நகரத்தானும் எண்ணப்படுகின்றான். தெமோதரையிலும் நமுனுகுலையிலும் லயத்தில் வாழ்பவனும் எண்ணப்படுகின்றான். லயத்திலுள்ள தலைகளும் சேர்ந்தே மாவட்டத்தின் இடங்களைப் பெருக்குகின்றன. பெருகிய இடங்களுக்குப் போட்டியிடுவோரோ விஞ்ஞான வகுப்புள்ள சில பாடசாலைகளின் மாணவர். அவை பெரும்பாலும் நகரங்களில் உள்ளவை. மலையகத் தமிழர் எண்ணிக்கையில் சேர்க்கப்பட்டனர். பங்கீட்டில் பெரிதும் விடுபட்டனர். ஒதுக்கீட்டை வகுத்தோர் மாவட்டத்தை ஒரு முழுப்பொருளாக நோக்கினர். பதுளை நகரத்து ஆய்வுகூடத்துக்கும் இருபது கல் தொலைவிலுள்ள தோட்டத்து ஒற்றை அறைக்கும் இடையே உள்ள வேறுபாடு, பதுளைக்கும் கொழும்புக்கும் இடையே உள்ளதைவிடப் பெரிது என்பது அவர்களின் கணக்கில் வரவில்லை.

2001 முதல் இசட் புள்ளி முறை வழக்கிற்கு வந்தது. இதனைப் பலர் மந்திரம் போற் பேசுவர். உண்மையில் அது எளிய கணக்கே. உதாரணத்துக்காக, கடினமான ஒரு பாடத்தில் பரீட்சை எழுதியோரின் சராசரி 35 என்றும், நியம விலகல் 15 என்றும் கொள்வோம். ஒரு மாணவன் 65 புள்ளி பெற்றால், சராசரிக்கு மேலுள்ள 30ஐ 15ஆல் வகுக்க, அவனது இசட் புள்ளி 2 ஆகும். எளிதான வேறொரு பாடத்தில் சராசரி 55, விலகல் 10 ஆயின், அங்கே 75 பெற்றவனுக்கும் இசட் புள்ளி 2தான். கடினமான பாடத்தின் 65உம் எளிதான பாடத்தின் 75உம் ஒரே மதிப்பைப் பெறுகின்றன. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளினது சராசரியே மாணவனின் தகுதியைக் காட்டும். கடினமான பாடம் எடுத்தவன் அதனால் நட்டமடையக் கூடாது என்ற நோக்கிலே இது செம்மையான ஏற்பாடு.

எனினும் இசட் புள்ளி ஒப்பிடுவது ஒரே பாடத்தை எழுதியோரை மட்டுமே. அப்பாடம் கற்பிக்கப்படாத பாடசாலையில் இருந்தவன் அந்தச் சூத்திரத்தின் வெளியே நிற்கின்றான். எழுதியோருள்ளும், நல்ல ஆய்வுகூடத்தில் நுணுக்குக்காட்டியைக் கையாண்டு, மாலையில் தனியார் வகுப்புக்கும் சென்றவனும், அளவியையும் குழாயியையும் புத்தகப் படத்தில் மட்டுமே கண்டவனும் ஒரே சராசரிக்கு எதிரே நிறுத்தப்படுகின்றனர்.

பிறநாடுகளிலும் இவ்வினா உண்டு. அமெரிக்காவில் பெரும் போட்டியுள்ள பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்தைப் பார்க்கும்போது, மாணவன் கடினமான பாடங்களை எடுத்தானா என்று மட்டும் கேட்பதில்லை. அவனது பாடசாலை எந்தெந்தப் பாடங்களை வழங்கியது என்ற விவரத்தையும் பாடசாலையிடமிருந்து பெறுகின்றன. உயர்கணிதம் இல்லாத பாடசாலையின் மாணவன் அதைப் படிக்காமை குற்றமாகக் கொள்ளப்படுவதில்லை. அம்முறையில் செல்வர்க்குச் சாதகமான வேறு பல குறைகள் உண்டு. அதனை அப்படியே இங்கு கொணர்தல் வேண்டுமென்பதன்று. ஆனால் மாணவனைப் பாடசாலையோடு சேர்த்து நோக்கும் அந்த ஒரு பழக்கம் எண்ணத்தக்கது. இலங்கையின் முறை மாணவனை மாவட்டத்தோடு சேர்த்து நோக்குகின்றது, பாடசாலையை நோக்குவதில்லை.

மாற்றமே இல்லையென்பதும் சரியாகாது. 1980களில் சுவீடன் நாட்டு உதவியால் தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்கள் விரிந்தன. தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் ஆசிரியராக நியமனம் பெற்றனர். பின்னர் ஜெர்மானிய உதவியோடு பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி அமைந்தது. 1988இன் சட்டமும் 2003இன் சட்டமும் நாடற்றோர் பிரச்சினையைத் தீர்த்தன. லயத்தில் பிறந்து பட்டதாரியானோர் இன்று ஊவாவில் அரியர் அல்லர். அவர்களுட் பலர் கலைப் பட்டதாரிகள். கலைக்கல்வி தாழ்ந்ததென்பது இதன் பொருளன்று. தாம் விரும்பி அதனைக் கொண்டோர் எத்தனை பேர், வேறு வகுப்பு இல்லாமையால் கொண்டோர் எத்தனை பேர் என்பதே கேள்வி. கலைப் பட்டதாரி ஆசிரியராகத் தன் தோட்டத்துக்கே திரும்புகின்றார். அங்கும் கலைப்பாடங்களே நன்கு கற்பிக்கப்படுகின்றன. விஞ்ஞான ஆசிரியர் இல்லாமையால் விஞ்ஞான மாணவர் இல்லை. விஞ்ஞான மாணவர் இல்லாமையால் விஞ்ஞான ஆசிரியர் இல்லை. இச்சக்கரத்தை வெளியிலிருந்து வந்த ஆசிரியர் சிலர் சிறிது காலம் நிறுத்தியதுண்டு. இடமாற்றம் கிடைத்ததும் அவர்கள் சென்றுவிட, சக்கரம் மீண்டும் சுழன்றது.

2013 முதல் உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் சேர்க்கப்பட்டது. புதிய கதவுதான். ஆயினும் அதற்கும் பட்டறை வேண்டும், கருவி வேண்டும், கற்பிக்க ஆள் வேண்டும். ஒற்றைக் கட்டடத்தில் எல்லா வகுப்பையும் நடத்தும் மலையுச்சிப் பாடசாலைக்கு அது எளிதில் ஏறிச் செல்லாது.

சாதாரணதரப் பெறுபேறுகள் வெளியாகும் நாளில், நகரத்து வீடுகளிலே உயிரியலா, கணிதமா என்று விவாதம் நடக்கும். மடுல்சீமைப் பக்கத்துத் தோட்டமொன்றிலே, விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் நல்ல சித்தி பெற்ற பிள்ளையின் வீட்டிலும் அன்றிரவு விவாதம் நடக்கும். அங்கே பேசப்படுவது பாடத்தைப் பற்றியதன்று. பதுளையில் யார் வீட்டில் தங்கவைப்பது, தினமும் போய் வருவதானால் முதல் பஸ் எத்தனை மணிக்கு, மாதக் கட்டணம் எவ்வளவு, அடுத்த சம்பளத்தில் முற்பணக் கழிவு போக மிஞ்சுவது எவ்வளவு என்பவற்றையே தாயும் தகப்பனும் விளக்கணையும் வரை கணக்கிட்டுக்கொண்டிருப்பர்.